ஆற்றங்கரை விருந்தும் நம் சங்கத்துச் சரக்கும்

(நெசவாளர், விவசாயிகள் ஆய்வு வட்டத்திற்குரிய பாடம்)

குடும்பத்தோடும் சுற்றத்தோடும் வெளியிடத்துக்குச் சென்று கூடி உண்ணுதல் தமிழ்நாட்டிற்குப் புதிய வழக்கமன்று. ஆடிப்பெருக்கு நாளில் காவிரிக் கரையெங்கும் மக்கள் சித்திரான்னங்களைக் கட்டிக்கொண்டு வந்து கூடுகின்றனர். காணும் பொங்கலன்று கடற்கரையும் ஆற்று மணலும் அணைக்கட்டுப் பூங்காக்களும் நிரம்பி விடுகின்றன. சித்ரா பௌர்ணமி இரவில் நிலாச்சோறு உண்பதும், குலதெய்வக் கோயிலின் மரத்தடியில் பொங்கலிட்டுப் பந்தி வைப்பதும் இவ்வழக்கத்தின் வேறு வடிவங்களே ஆகும்.

இவ்விழாக்களுக்கு மக்கள் எடுத்துச் செல்லும் பொருள்கள் யாவை? உட்கார ஒரு விரிப்பு. சோற்றைக் கட்டிச் செல்ல ஒரு மூட்டைத் துணி. உண்ண ஓர் இலை. நீர் பருக ஒரு குவளை. இடத்தை அழகுபடுத்த ஒரு தோரணம். இவ்வைந்தனுள் குவளை நீங்கலாக ஏனைய நான்கையும் முன்னாளில் நெசவாளரும் விவசாயியுமே அளித்துவந்தனர். இன்று பிளாஸ்டிக் விரிப்பும், உட்பூச்சிட்ட காகிதத் தட்டும், ஒருமுறைக் குவளையும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டுள்ளன. விழா முடிந்த மறுநாட்காலையில் ஆற்றங்கரைக்குச் சென்று பார்ப்போர்க்கு இரண்டு இழப்புகள் ஒருங்கே புலனாகும். ஒன்று, ஆற்றுக்கு நேர்ந்த கேடு. மற்றொன்று, நம் அங்கத்தினர் கைக்கு வந்திருக்க வேண்டிய கூலியும் விலையும் வேறெங்கோ சென்றுவிட்டமை.

சங்கங்களின் இருப்பைச் சரிபார்க்கும் பணியில் உள்ளவர்களுக்கு மூன்றாவது இழப்பு ஒன்றும் தெரியும். கலியாணக் கூடத்தில் தரை முழுதும் விரிப்பதற்கென்று நெய்த பெரிய ஜமக்காளங்கள் இருப்புப் பேரேட்டில் ஆண்டுக்கு ஆண்டு முன்கொணரப்பட்டு வருகின்றன. கூடங்களில் நாற்காலிகள் வந்துவிட்டன. ஜமக்காளத்தின் அளவோ மாறவில்லை. தேங்கிய சரக்கில் சங்கத்தின் மூலதனம் முடங்கினால், அடுத்த மாதம் நெசவாளிக்குக் கொடுக்கப் பாவு இராது. ஆதலின் வெளியிட விருந்துக்குரிய பொருள்களை எவ்வாறு திட்டமிட்டு அமைப்பது என்பது நமக்குத் தறி ஓடுவதையும் ஓடாமையையும் பொறுத்த விஷயமாகும்.

சட்டம் திறந்துவிட்ட வாயில்

தமிழ்நாடு அரசு 2018 ஜூன் மாதத்தில் அறிவித்து, 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது. பிளாஸ்டிக் தட்டு, குவளை, உறிஞ்சுகுழல், தண்ணீர்ப் பொட்டலம், கொடி ஆகியவற்றோடு பிளாஸ்டிக் பூச்சுடைய காகிதத் தட்டும் குவளையும் தடைக்கு உட்பட்டன. கடைப்பைகளுக்கு அவற்றின் கனம் எதுவாயினும் தடை உண்டு. 2022 ஜூலை முதல் நாளிலிருந்து இந்தியா முழுமைக்கும் இத்தகைய தடை ஒன்று நடைமுறைக்கு வந்தது. அதில் தட்டு, கரண்டி, குவளை ஆகியவற்றோடு, பலூன் குச்சி, அலங்காரத் தெர்மோகோல், இனிப்புப் பெட்டியைச் சுற்றும் மெல்லிய தாள், 100 மைக்ரானுக்குக் குறைந்த விளம்பரத் துணி முதலிய கொண்டாட்டப் பொருள்களும் சேர்க்கப்பட்டுள்ளன. 2021 டிசம்பரில் தொடங்கப்பெற்ற ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம், பருத்திப் பையை மக்கள் மறந்துவிடவில்லை என்பதை நினைவூட்டியது.

சட்டம் வாயிலைத் திறக்கும். உள்ளே சென்று அமர்வது நம் பொறுப்பு. தடை செய்யப்பட்ட பொருள் ஒளிந்து விற்கப்படுவதற்குக் காரணம், அதற்கு ஈடான பொருள் உரிய நாளில், உரிய அளவில், எளிதாகக் கையில் கிடைக்காமையே. அக்குறையைத் தீர்ப்பவர்க்குச் சந்தை உண்டு.

முடிவிலிருந்து தொடங்குக

பொருளை அமைப்போர் வழக்கமாக முதலில் எண்ணுவது அதன் அழகை; பின்னர் விலையை. வெளியிட விருந்துப் பொருளுக்கு இம்முறை பொருந்தாது. விருந்து முடிந்தபின் இப்பொருள் எங்கே போகும் என்ற கேள்வியையே முதலில் கேட்க வேண்டும்.

அதற்கு மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, பொருள் வீட்டுக்குத் திரும்புதல். இரண்டாவது, மாட்டுத் தொழுவத்துக்கோ எருக்குழிக்கோ போய் மண்ணாதல். மூன்றாவது, கிடந்த இடத்தில் கிடந்து ஆற்றோடு போதல். நாம் செய்யும் எந்தப் பொருளும் மூன்றாவது வழியில் செல்லாதபடி அமைப்பதே இப்பாடத்தின் சாரம்.

வீட்டுக்குத் திரும்பும் பொருள் உறுதியாக இருக்க வேண்டும். நூறு முறை துவைத்தாலும் தாங்க வேண்டும். தூக்கிச் செல்ல இலகுவாக இருக்க வேண்டும். விட்டுவிட்டு வர மனம் வாராதபடி அழகாகவும் இருக்க வேண்டும். மண்ணுக்குப் போகும் பொருளோ ஒரு வேளை உணவைத் தாங்கினால் போதும். ஆனால் மட்காத பொருள் ஓர் இழையும் அதில் கலந்திருத்தல் ஆகாது. முதலாவது வகை பெரும்பாலும் நெசவாளரின் பணி. இரண்டாவது விவசாயியின் பணி. இருவரையும் அங்கத்தினராகக் கொண்ட கூட்டுறவு அமைப்பு, இவ்விரண்டையும் ஒரே தொகுப்பாகக் கட்டி விற்க இயலும்.

இவ்விரு வகைகளையும் ஒரே பொருளில் கலப்பதுதான் பெரும் பிழை. இலைத் தட்டின்மீது பாலிதீன் தாளை ஒட்டினால் அதை மாடும் தின்ன இயலாது, மண்ணும் ஏற்காது. மீண்டும் கழுவிப் பயன்படுத்தவும் வழியில்லை. கோரைப் பாய்க்கு நைலான் நூலைப் பாவாக இட்டால், கோரை மட்கியபின்னும் நைலான் மட்காமல் கிடந்து பறவையின் காலைச் சுற்றும். பருத்திப் பைக்குச் செயற்கை நூலால் தையலிட்டாலும் அவ்வாறே. காகிதக் குவளையைக் காகிதம் என்று எண்ணி வாங்குவோர் பலர். அதனுள்ளே நீர் கசியாதிருக்கப் பூசியிருப்பது பாலிதீனே.

‘மட்கும் பிளாஸ்டிக்’ என்று விற்கப்படுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்கு இந்திய தர விதி 17088 உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றும் வேண்டும். ஆனால் மக்காச்சோள மாவுப்பொருள் முதலியவற்றிலிருந்து செய்யப்படும் இவ்வகைகளுள் சில, சுமார் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பராமரிக்கப்படும் பெரிய எருக்கூடங்களிலேதான் உரிய காலத்தில் மட்கும். அவ்வெப்பம் ஆற்று மணலிலோ குளிர்ந்த நீரிலோ கிடைக்காது. ஆதலின் பெயரைக் கண்டு மயங்காமல், நம் ஊரில் அப்பொருள் சென்றடையும் இடத்தைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

விரிப்பு

பவானி ஜமக்காளம் 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி இன ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ்க் கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்ட இனங்களுள் ஜமக்காளமும் ஒன்று. காவிரியும் பவானியும் கூடும் கூடுதுறையிலேயே இத்தொழில் வளர்ந்தது. ஆடிப்பெருக்கு மக்கள் கூடும் இடமும் அதுவே. பொருள் விளையும் ஊரிலேயே சந்தையும் இருக்கும்போது அதற்கேற்ற அளவில் பொருள் இல்லாதிருத்தல் வருந்தத்தக்கது.

வெளியிட விரிப்புக்கு 6 அடி நீளம், 4 அடி அகலம் ஏற்ற அளவாகும். பெரியவர் இருவரும் பிள்ளைகள் இருவரும் நடுவில் பாத்திரங்களை வைத்து உட்கார அது போதும். பேருந்தில் செல்லும் குடும்பத்தினர் இதை விடப் பெரியதைச் சுமக்க விரும்பார். ஜமக்காளத்தில் முரட்டுப் பருத்தி நூலால் பட்டைக் கோடுகள் நெய்யும் வகையும், செயற்கைப் பட்டிழையால் கரையில் சித்திரம் நெய்யும் வகையும் உண்டு. இரண்டாவது, வீட்டுக் கூடத்துக்கு அழகு தரும். மணலுக்கும் புல்லுக்கும் முதலாவதே உகந்தது, துவைக்கத் தாங்கும், முட்செடியில் சிக்கினாலும் இழை உருவிக்கொண்டு வராது.

சுருட்டிக் கட்டித் தோளில் மாட்ட ஒரு வார் வேண்டும். அதையும் அதே நூலில் நாடாவாக நெய்து, ஒரு விளிம்பில் தைத்துவிட வேண்டும். தனியாக இருந்தால் தொலைந்துபோகும். தொலைந்த நாளன்றே பிளாஸ்டிக் கயிறு அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும். நிறத்தைப் பொறுத்தவரை, நடுவில் மஞ்சள், காவி, மரநிறம் போன்ற இடைநிறங்களையும் ஓரங்களில் அடர்நிறத்தையும் வைத்தல் நலம். மண்ணும் மஞ்சட்கறையும் வெள்ளையில் தெரிவதுபோல் இவற்றில் தெரியா.

ஆற்று மணலில் ஈரம் மேலேறும். பருத்தி அதனை உறிஞ்சும். இதற்குப் பரிகாரமாக ஜமக்காளத்தின் அடியில் பிளாஸ்டிக் தாளைத் தைத்து விற்கலாம் என்று சிலர் கூறுவதுண்டு. அது மேலே கண்ட கலப்புப் பிழையாகும். துவைக்கும்போது தாள் பிய்ந்து வரும். பின்னர் முழு விரிப்பும் குப்பையாகும். நம் முன்னோர் கண்ட வழி எளிது: கீழே கோரைப் பாய், மேலே ஜமக்காளம். தாமிரபரணிக் கரையில் பத்தமடையில் நெய்யப்பெறும் நுண்ணிய பாய்கள் பெரும் புகழ் பெற்றவை. அவை மணமக்களுக்கு உரியன. மணலில் விரிப்பதற்குக் காவிரிக் கரையில் விளையும் சாதாரணக் கோரையே போதும். பருத்தி நூலையோ கற்றாழை நாரையோ பாவாக இட்டு நெய்தால் பாய் முழுவதும் மண்ணுக்குரியதாகும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் கோரையில் பூஞ்சணம் பிடிக்குமாதலால், உலர்த்திச் சுருட்டுக என்ற குறிப்பைப் பாயோடு கட்டாயம் கொடுக்க வேண்டும்.

மூட்டைத் துணி: ஒரு நூற்கணக்கு

கட்டுச்சோற்று மூட்டை என்பது மறைந்துவரும் சொல். ஒரு சதுரத் துணியில் தூக்குப்பாத்திரத்தை வைத்து நான்கு முனைகளையும் முடிந்தால் அதுவே பை. அவிழ்த்து விரித்தால் அதுவே பரிமாறும் துணி. உண்டபின் கை துடைக்கவும் அதுவே. இத்துணைப் பயன் தரும் பொருளுக்குத் தையலும் இல்லை, பித்தானும் இல்லை. இதனைப் புதிய பொருளாக மீண்டும் சந்தைக்குக் கொண்டுவருதல் சாலும்.

இதற்கு எவ்வளவு நூல் பிடிக்கும்? ஆய்வு வட்டத்தில் கணக்கிட்டுப் பார்க்க வேண்டிய எடுத்துக்காட்டு இது. துணி 36 அங்குலச் சதுரம்; நூல் 20ஆம் நம்பர்; அங்குலத்துக்குப் பாவில் 40 இழை, ஊடையில் 40 இழை என்று கொள்வோம்.

பாவு இழைகள் 36 x 40 = 1,440. ஒவ்வொன்றும் 1 கெஜம். ஆகவே 1,440 கெஜம். ஊடைக்கும் அவ்வாறே 1,440 கெஜம். மொத்தம் 2,880 கெஜம். நெசவில் இழை வளைவதற்கும் சேதாரத்துக்குமாக நூற்றுக்குப் பத்து சேர்த்தால் 3,168 கெஜம். 840 கெஜம் கொண்டது ஒரு சிட்டம். 20ஆம் நம்பர் நூலில் ஒரு பவுண்டுக்கு 20 சிட்டம், அதாவது 16,800 கெஜம். எனவே 3,168ஐ 16,800ஆல் வகுத்தால் 0.19 பவுண்டு வரும். ஏறக்குறைய 86 கிராம்.

ஒரு கிலோ நூலில் இத்தகைய துணி பதினொன்று நெய்யலாம். அன்றைய நூல்விலையை இதனோடு பெருக்கி, நெசவுக் கூலியும் சாயக் கூலியும் சங்கச் செலவும் கூட்டினால் அடக்கவிலை கிடைக்கும். கணக்கை முதலில் போட்டுவிட்டுப் பின்னர் விலையைக் குறிக்க வேண்டும். கடைவீதியில் பிளாஸ்டிக் பை விற்கும் விலையை முதலில் குறித்துக்கொண்டு, அதற்கேற்பக் கூலியைக் குறைத்தல் கூடாது. அவ்வாறு செய்த சங்கத்தில் சரக்கு விற்கலாம். தறியில் உட்கார ஆள் இருக்கமாட்டார்.

இலையும் தட்டும்

வாழையிலையை மிஞ்சிய உண்கலம் இல்லை. பூவன் வாழையை இலைக்கென்றே பயிரிடும் தோட்டங்கள் உண்டு. எனினும் வெளியிடத்தில் அதற்கு இரண்டு இடர்கள் உள்ளன. காற்றில் இலை தூக்கி எறியும். சமமற்ற தரையில் குழம்பு ஓடிவிடும். இவற்றைத் தீர்க்க ஓலையால் முடைந்த தட்டு ஒன்றை அடியில் வைத்து, அதன்மீது தட்டின் அளவுக்கு நறுக்கிய வாழை ஏட்டை இடலாம். தட்டு வீட்டுக்குத் திரும்பும்; ஏடு மாட்டுக்குப் போகும். இரண்டு பொருளும் தத்தம் வழியில் பிரிந்து செல்வதால் கலப்புப் பிழை இல்லை. பனையோலை முடைவோர்க்கு இதனால் ஆண்டு முழுவதும் வேலை கிடைக்கும்.

கட்டுச்சோற்றுக்கு இலையை அனலில் வாட்டினால் அது மடிப்பில் கிழியாமல் துவளும். வாட்டிய இலைகளை நனைந்த துணியில் சுற்றி வைத்தால் விரைவில் வாடாமலிருக்கும். கட்டுவதற்கு வாழைநார் போதும்; பூக்கட்டுவதற்கு நாம் அன்றாடம் பயன்படுத்தும் அந்நாரையே சற்று அகலமாக உரித்துக் கொடுத்தால் பிளாஸ்டிக் நாடாவுக்கு வேலை இல்லை.

மந்தாரை இலையைத் தைத்துச் செய்யும் தையல் இலை, உலர்ந்த நிலையில் அடுக்கி வைத்து வேண்டும்போது எடுக்கத்தக்கது. பண்டிகைக்கு முன்னரே இருப்பு வைத்துக்கொள்ள அதுவே ஏற்றது. இதில் ஒரு கண்டிப்பு வேண்டும்: இலையை ஈர்க்கினாலேயே தைக்க வேண்டும். வேலை விரைவாக முடியும் என்று கம்பி ஊசிகளை அடிக்கும் வழக்கம் சில இடங்களில் புகுந்துள்ளது. எச்சில் இலையோடு அக்கம்பியை விழுங்கும் பசுவின் வயிற்றில் அது தைத்துப் பெருந்தீங்கு விளைவிக்கும். நம் இலை ஒன்றினால் மற்றோர் அங்கத்தினரின் மாடு மாளுமாயின், கூட்டுறவு என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை.

பாக்கு மட்டைத் தட்டு அண்மைக் காலத்தில் பெரிதும் பரவியது. கமுகிலிருந்து தானே உதிரும் மட்டையைச் சேர்த்து, கழுவி, ஊறவைத்து, சூடேற்றிய அச்சில் அழுத்தினால் தட்டு உருவாகும். பசையும் வேண்டா, பூச்சும் வேண்டா. சேலம், கோயம்புத்தூர்ப் பகுதிகளின் தோப்புகளில் எரிபொருளாகவும் குப்பையாகவும் கிடந்த மட்டைக்கு இதனால் விலை வந்தது. மழையில் நனைந்த மட்டை பூஞ்சணம் பிடிக்குமாதலால், உலர்ந்த மாதங்களிலேயே அதனைச் சேகரித்து நிழலான கொட்டகையில் அடுக்க வேண்டும்.

ஆனால் ஒரு செய்தியை மறைக்கலாகாது. 2025ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், பாக்கில் இயல்பாயுள்ள அரெக்கோலின் முதலிய பொருள்கள் தட்டிலிருந்து உணவில் இறங்கக்கூடும் என்னும் காரணங்காட்டி, பாக்கு மட்டைக் கலங்களை உணவுக்குப் பயன்படுத்த அந்நாட்டில் அனுமதி இல்லையென்று அறிவித்தது. அந்நாட்டு ஏற்றுமதியை நம்பி அச்சு இயந்திரங்களை நிறுவியோர்க்கு இஃது இடியாயிற்று. இதிலிருந்து நாம் இரண்டு பாடங்கள் பெறலாம். உண்கலம் செய்வோர் தம் பொருளை உரிய ஆய்வுக்கூடத்தில் சோதித்துச் சான்றினை வைத்திருத்தல் வேண்டும். மேலும், சங்கத்தின் முதலை ஒரே பொருளின்மீதும் ஒரே தொலைதூரச் சந்தையின்மீதும் வைத்தல் ஆகாது. வாழையிலை, மந்தாரை இலை, ஓலைத் தட்டு ஆகிய யாவும் நம் தொகுப்பில் இருந்தால், ஒன்று தடைப்பட்டபோது மற்றொன்று கைகொடுக்கும்.

தென்மாவட்டங்களில் பதநீரைப் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுப்பதை அங்கத்தினர் பலர் அறிவர். ஓர் ஓலையை மடித்துக் கட்டிய அப்பட்டை நிமிட நேரத்தில் உருவாகி, குடித்து முடித்ததும் மண்ணுக்குப் போகிறது. ஒருமுறைக் கலம் எவ்வாறு இருக்க வேண்டும் என்று யாரேனும் கேட்டால் அப்பட்டையைக் காட்டலாம். முறுக்கு, அதிரசம் போன்ற உலர்ந்த பண்டங்களுக்கு ஓலைக் கொட்டான் உள்ளது. ஈரமான பண்டமாயின் கொட்டானுள் வாழையிலை விரித்துக்கொள்ள வேண்டும்.

குவளையும் தோரணமும்

குவளையைப் பொறுத்தவரை நெசவாளரும் விவசாயியும் புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டிய தேவையில்லை. எவர்சில்வர்த் தம்ளரே சிறந்தது. வாடகைப் பாத்திரக் கடை இல்லாத ஊர் நம் நாட்டில் அரிது. சங்கமும் நூறு தம்ளர்களை வாங்கி வைத்து விருந்துத் தொகுப்போடு வாடகைக்குக் கொடுக்கலாம். நெசவாளர் இதில் செய்யக்கூடியது, தம்ளர்களை அடுக்கிக் கொண்டுசெல்லச் சுருக்குப் பை நெய்து தருவதே.

தோரணத்தில் இரண்டு வகையும் அழகுற அமையும். மாவிலையும் தென்னங்குருத்தும் மண்ணுக்குரியவை. பிறந்தநாள், பள்ளிவிழா முதலியவற்றுக்கு ஆண்டுதோறும் எடுத்துக் கட்டும் துணித் தோரணம் வீட்டுக்குரியது. தறியிலிருந்து துணியை அறுத்தெடுத்தபின் எஞ்சும் பாவுத் துண்டுகளும், வெட்டுத் துணிகளும் வீணாகாமல் இதில் பயன்படும். மாவிலையைக் கோக்கச் செயற்கைக் கயிற்றைப் பயன்படுத்தலாகாது; பருத்தி நூலோ தேங்காய் நாரோ கொள்க.

இங்கே நெசவாளர் மனத்திற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. நூல்துணி என்பதனால் மட்டும் ஆறு அதனை ஏற்றுக்கொண்டுவிடாது. நீராடுவோர் விட்டுச் செல்லும் துணிகள் படித்துறையில் சேர்ந்து அழுகுவதைக் காண்கிறோம். ஆதலின் நாம் நெய்யும் துணியை ஆற்றில் விடத்தக்க பொருளாக ஒருபோதும் விளம்பரம் செய்யலாகாது. துணியின் வழி வீடேயாகும்.

சாயம்

பொருள் சென்றடையும் இடத்தைப் பற்றிப் பேசினோம். அது பிறந்த இடத்தையும் நோக்க வேண்டும். நொய்யலாற்றில் கழிவுநீர் கலந்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது யாவருக்கும் நினைவிருக்கும். ஆற்றங்கரையில் விரிக்கும் துணிக்காக மற்றோர் ஆற்றைக் கெடுத்தல் முறையாகாது. சாயநீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாடுள்ள பட்டறையிலேயே நூலைச் சாயமிடுவது என்று நிர்வாகக் குழு தீர்மானம் இயற்ற வேண்டும்.

வெளியிட விரிப்புக்கு வெயிலும் துவைப்பும் தாங்கும் வாட் சாயமே உகந்தது. நேர்ச்சாயங்கள் மலிவானவை, ஆனால் எளிதில் நீரில் விடும். சோதனை எளிது: நனைத்த வெள்ளைத் துணியால் பத்து முறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், பாதியை அட்டையால் மூடிப் பதினைந்து நாள் வெயிலில் வையுங்கள். வெள்ளைத் துணியில் நிறம் ஏறினாலோ, மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் வேறுபாடு தெரிந்தாலோ, அந்நூலை வெளியிடப் பொருளுக்குக் கொள்ளற்க.

விலையை எடுத்துரைக்கும் முறை

கைத்தறி விரிப்பு விலை அதிகம் என்பது வழக்கமான ஆட்சேபணை. அதனை மறுப்பதினும் கணக்கிட்டுக் காட்டுதல் நன்று. எடுத்துக்காட்டாக, ஜமக்காளம் ஒன்றின் விலை 900 ரூபாய் என்றும், ஆண்டுக்குப் பத்து முறையாக ஆறு ஆண்டுகள் உழைக்கும் என்றும் கொள்வோம். அறுபது முறைக்கு 900 ரூபாய். முறை ஒன்றுக்கு 15 ரூபாய். 200 ரூபாய்ப் பிளாஸ்டிக் விரிப்பு பத்து முறையில் கிழிந்தால் முறை ஒன்றுக்கு 20 ரூபாய் ஆகிறது. இதனை விற்பனைச் சீட்டில் அச்சிடலாம்.

எனினும் கூலிவேலை செய்யும் குடும்பம் ஒரே தடவையில் 900 ரூபாய் கொடுக்க இயலாது. அவர்களுக்கு மலிவுப் பொருளைத் தவிர வேறு வழி இல்லையென்று விட்டுவிடுதல் கூட்டுறவின் நோக்கத்துக்கு ஒவ்வாது. சங்கமே ஜமக்காளங்களை நாள் வாடகைக்குக் கொடுக்கலாம். நாளொன்றுக்கு 30 ரூபாய் வீதம் ஆண்டில் நாற்பது நாள் வாடகைக்குப் போனால் 1,200 ரூபாய். முறைக்கு 5 ரூபாய் வீதம் சலவைச் செலவு 200 ரூபாயைக் கழித்தால் 1,000 ரூபாய். விரிப்பின் விலை முதலாண்டிலேயே திரும்பி விடுகிறது. தேங்கிய பெரிய ஜமக்காளங்களையும் கோயில் பந்திக்கும் பள்ளிவிழாவுக்கும் இவ்வாறே வாடகைக்கு அனுப்பலாம்.

காலமும் முக்கியம். ஆடிப்பெருக்கு ஆகஸ்டு தொடக்கத்தில் வருகிறது. காணும் பொங்கல் ஜனவரி நடுவில். சித்திரையிலும் ஐப்பசியிலும் பாவு கொடுத்தால்தான் சரக்கு உரிய நாளுக்கு முன் பண்டகசாலைக்கு வந்து சேரும். விழா கழிந்து வரும் சரக்கு அடுத்த ஆண்டின் தள்ளுபடிக்கே காத்திருக்கும்.

நிர்வாகக் குழு செய்ய வேண்டியது

பத்து தொகுப்புகளை மட்டும் முதலில் செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் சிறு ஜமக்காளம் ஒன்று, மூட்டைத் துணி ஒன்று, ஓலைத் தட்டு நான்கு, வாழை ஏடு எட்டு, வாழைநார் ஒரு கற்றை இருக்கட்டும். விலைச் சீட்டைப் பருத்தி நூலில் கட்டுங்கள். அதில் எது வீட்டுக்கு, எது மாட்டுக்கும் எருக்குழிக்கும் என்று இரண்டே வரிகளில் எழுதுங்கள். அங்கத்தினர் குடும்பங்கள் பத்துக்கு அவற்றைக் கொடுத்து ஒரு விடுமுறை நாளில் வெளியிடம் சென்று வரச் செய்யுங்கள். திரும்பியபின் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எதைத் தூக்கக் கடினமாக இருந்தது? எது பயன்படாமல் திரும்பியது? எதை அங்கேயே விட்டுவிட்டு வந்தீர்கள்? மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் விடையே உங்கள் பொருளமைப்பின் தேர்வு முடிவாகும். பெண்களின் விடைகளைத் தனியே கேட்டு எழுதுதல் அவசியம். மூட்டை கட்டுவோரும், அவிழ்ப்போரும், திரும்பி வந்து துவைப்போரும் அவர்களே ஆவர்.

நெசவாளி நெய்த விரிப்பில் அமர்ந்து, விவசாயி அறுத்த இலையில் உண்டு, மக்கள் எழுந்து சென்றபின் அவ்விடத்தில் சில பருக்கைகளும் காகங்களும் மட்டுமே எஞ்சுமாயின், நம் பொருள்கள் நன்கு அமைந்தன என்று கொள்ளலாம்.

ஆய்வு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. நம் சங்கத்தின் இருப்பில் ஓராண்டுக்கு மேல் தேங்கிய சரக்குகள் யாவை? அவற்றுள் வாடகைக்கு விடத்தக்கவை எவை?

2. மூட்டைத் துணியை 20ஆம் நம்பருக்குப் பதிலாக 30ஆம் நம்பர் நூலில், அதே இழைக்கணக்கில் நெய்தால், நூல் எத்தனை கிராம் பிடிக்கும்? துணியின் உறுதியில் நேரும் மாற்றம் என்ன?

3. நம் ஊரில் விருந்துக்குப் பின் இலைகள் எங்கே சேர்கின்றன? அவற்றைப் பிரித்து எருக்குழிக்குக் கொண்டுசெல்லச் சங்கம் செய்யக்கூடிய ஏற்பாடு யாது?

4. நாம் இப்போது விற்கும் பொருள்களுள் மட்குவதும் மட்காததும் ஒன்றாகக் கலந்தவை எவை? அவற்றை எவ்வாறு பிரித்தமைக்கலாம்?